வெள்ளி முகமூடியும் வீட்டு வாடகையும்

முகத்தை மறைத்து வருபவனைக் கள்வன் என்று உலகம் ஐயுறும். மெக்சிகோ நாட்டிலோ முகத்தை மறைத்தவனே மக்கள் போற்றும் மாவீரன்! விந்தை என்று நகைத்துவிடலாம். நகைக்குமுன் ஆராய்வது நம் கடன்.

1933-இல் சால்வதோர் லுத்தெரோத் என்பார் அந்நாட்டு மற்போருக்கென ஒரு நிறுவனம் கண்டார். பகலெல்லாம் உழைத்துக் களைத்தோர் மாலையில் அரங்கை நிறைத்தனர். களத்திலே இரு சாரார்: முறைப்படி பொருதுவோர், முறைகேடு புரிவோர். முகமூடியையே பணயம் வைப்பதும் உண்டு. தோற்றவன் அதைக் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும்.

அந்த அரங்கிலே 1942-இல் வெள்ளி முகமூடியோடு தோன்றினார் 'எல் சாந்தோ'. 'புனிதர்' என்பது பொருள். அந்தப் புனிதர் தொடக்கத்தில் எந்தப் பக்கம் நின்றார் தெரியுமா? முறைகேடு புரிவோர் பக்கம்! 1952-இல் படக்கதை ஏடு வந்தது. பின்னர்த் திரைப்படம் வந்தது. முரடர் அறத்தின் காவலரானார். புனிதர்கள் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார்கள் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். காட்டேரிப் பெண்களை வென்றார், எழுந்து நடக்கும் பிணங்களை வீழ்த்தினார், வெறி பிடித்த விஞ்ஞானிகளை முறியடித்தார். அவருடைய உடல்வலியையும் உழைப்பையும் நாம் குறைத்துப் பேசவில்லை. சில காட்சிகளை நாமும் சுவைப்போம். ஆனால், இல்லாத காட்டேரியை எதிர்த்த அந்தக் கரம், ஏழையின் குருதியைக் குடிக்கும் வாடகைக் கொள்ளையை எதிர்த்ததா? திரையில் அதற்கு இடமில்லை. 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். முகமூடியுடனேயே அடக்கம் செய்தனர்.

அடுத்த ஆண்டு, 1985 செப்டம்பர் 19 காலை, தலைநகர் மெக்சிகோ நகரம் குலுங்கியது. மாடிகள் மண்மேடாயின; மருத்துவமனைகளும் சரிந்தன. அரசு திகைத்து நிற்க, அண்டை வீட்டாரே வெறுங்கையால் கல்லைப் பெயர்த்து உயிர்களை மீட்டனர். இடிந்த தையற்கூடங்களில் பெண்கள் புதையுண்டு கிடக்க, முதலாளிகள் எந்திரங்களை மீட்க விரைந்தனர் என்று உயிர் தப்பியோர் குமுறினர். அந்தப் பெண்கள் அழுது ஓயவில்லை. அந்த நாளின் பெயரிலேயே தொழிற்சங்கம் கண்டனர்.

வீடிழந்தோரும் வாடகைக் குடியினரும் 1987-இல் 'குடியிருப்புகளின் பேரவை'யாகத் திரண்டனர். அவர்களிடையே சிவப்பும் மஞ்சளும் பூண்ட முகமூடி மனிதர் ஒருவர் தோன்றினார். 'சூப்பர்பாரியோ' என்பது பெயர். 'பாரியோ' என்றால் எளியோர் வாழும் பகுதி. குடும்பங்களைத் தெருவில் தள்ள ஆள் வரும்போது வாயிலில் நின்றார். ஊர்வலத்தின் முன்னே நடந்தார். அதிகாரிகளின் மேசை முன் குடியினரோடு அமர்ந்தார். எவரையும் அவர் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பின்னே கூட்டம் இருந்தது. வலிமை அங்கேதான் இருந்தது.

இதுவும் வீர வழிபாடுதானே எனச் சில தோழர்கள் வினவலாம். அந்த அச்சம் நமக்கும் உண்டு. முகமூடியைப் பார்க்க வந்தோர், அவர் வராத நாளில் வீட்டிலேயே இருந்துவிட்டால்? எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்க மாட்டோம்: சாந்தோவின் படத்தைக் காண மக்கள் நாற்காலியில் அமர்ந்தனர், சூப்பர்பாரியோவைக் காண அவர்கள் தெருவுக்கு வந்தாக வேண்டும்.

நம்மைக் கேட்டால், இருவரினும் அந்தத் தையற்பெண்களையே முன்னே வைப்போம். அவர்களைப் பற்றி ஐம்பது படங்கள் எடுக்க எவரும் முன்வரவில்லை.