கண்ணீரும் கத்தியும்
தோட்டத்துப் பெண்ணின் தொழிலை நம் இலக்கியம் கண்ட விதம்

பொங்கல் விழாவாயினும் கோயில் திருவிழாவாயினும், நம்மவர் கூடி ஒரு வாதம் ஏற்பாடு செய்வாராயின், "சில தொழில்கள் ஆணுக்கே உரியன, சில தொழில்கள் பெண்ணுக்கே உரியன" என்னும் பொருள் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். ஒரு கட்சியார் பெண்ணை மெல்லியல் என்பர். மற்றொரு கட்சியார் அவளையே சக்தி வடிவம் என்பர். இரு கட்சியாரும் காப்பியங்களிலிருந்து சான்றுகளை எடுத்து அடுக்குவர். கேட்போர் கைதட்டுவர். நடுவர் இரண்டுக்கும் பொதுவாக ஒரு தீர்ப்பைச் சொல்லி மாலை பெற்றுச் செல்வார். அவ்வாதங்களில் ஒருபோதும் அழைக்கப்படாத சாட்சி ஒன்று உண்டு. அது மண்டபத்துக்கு வெளியே நின்ற பால்மரமே யாகும். முதலில் அச்சாட்சியை விசாரிப்போம். பின்னர் நூல்களிடம் செல்வோம்.

சுவா முதலாக நெகிரி செம்பிலான் தோட்டங்களிலே நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் செய்த பால்வெட்டு எத்தன்மையது? பொழுது புலருமுன்பே மரத்தடிக்குச் செல்ல வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஓர் ஆளுக்கு 300 முதல் 400 மரம் வரை நிரையாக ஒதுக்கப்படும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்லும் சாய்ந்த கோட்டின் வழியே, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தாலோ, பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள உயிர்ப்படலம் காயப்பட்டு, மரம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, அவ்விடம் மறு வெட்டுக்கு உதவாமற் போகும். பின்னர் மங்குகளில் நிறைந்த பாலை வாளிகளிற் சேர்த்து, காண்டாவிலே மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே இவ்வொரு தொழிலிலே கைத்திறனும் உண்டு, கண்கூர்மையும் உண்டு, தோள்வலியும் உண்டு. ஆணும் இதைச் செய்தான். பெண்ணும் இதைச் செய்தாள். மரம் இருவருக்கும் ஒரே பாலைத்தான் சுரந்தது.

ஆனால் கூலி ஒன்றாயிருக்கவில்லை. 1920-களின் இறுதியில், மலாயாவில் போக்குவரவு வசதியுள்ள பகுதிகளின் இந்தியத் தொழிலாளருக்கென வகுக்கப்பட்ட நியமச் சம்பளம், நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. குறைந்த அந்தப் பத்துக் காசு எதன் விலை? மரத்தைக் கேட்டால் அதற்கு விடை தெரியாது. ஸ்டோரிலே பாலை நிறுத்த தராசுக்கும் தெரியாது. பெண்ணாகப் பிறந்ததற்கு நாள்தோறும் செலுத்திய வரி என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. வேலையைக் கொடுக்கும்போது இருவரும் ஓர் ஆள். கூலியைக் கொடுக்கும்போது மட்டும் ஒருத்தி முழு ஆளினும் குறைந்தவள். கங்காணிப் பதவியும் மண்டோர் பதவியும் கிராணியின் நாற்காலியும் பெரும்பாலும் ஆணுக்கே உரியவாயின. வெட்டத் தெரிந்தவளுக்கு வெட்டியதை மேற்பார்க்கத் தெரியாது என்று எந்த நூல் கூறிற்று?

நிற்க. இனி நூல்களைப் பார்ப்போம். நம் இலக்கணத்திற் பழையதாகிய தொல்காப்பியத்தின் அகத்திணையியலிலே, கடற்செலவு மகளிரோடு கூடியதாக இல்லை என்று பொருள்படும் நூற்பா ஒன்று உண்டு. அதற்கு வேறு பொருள் கொண்ட உரையும் உண்டு. கடல் என்றே கொள்வோரும் உண்டு. கடல் என்றே கொண்டாலும், அது அக்காலத்துப் பாட்டு மரபைக் கூறியதேயன்றிப் பெண்ணின் காலுக்குப் பூட்டிய விலங்கன்று. ஆனால் மரபைக் கூறியதையெல்லாம் விதியாகக் கொள்வது நம்மவர்க்குப் பழக்கமாயிற்று. அத்தகையோர்க்கு ஒரு கேள்வி: நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கி, இக்காட்டைத் தோட்டமாக்கிய நம் பாட்டிமார் எந்த நூற்பாவைக் கேட்டுக்கொண்டு கடல் கடந்தார்கள்? துறைமுகத்தார் அவர்களிடம் அம்மை வடு கேட்டார், அகத்திணை கேட்கவில்லை.

பழைய பாட்டுக்களை முழுதும் குறை கூறுதலும் நியாயமன்று. சங்கப் பாட்டிலே பெண் தினைப்புனம் காக்கிறாள், உப்பும் மீனும் விற்கிறாள். ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது செல்கிறார். அங்கே பெண்ணுக்குத் தொழில் உண்டு. தொழில் செய்கிறவளைக் கண்ட அந்தக் கண், பிற்காலத்தில் மங்கிப்போயிற்று.

இக்காலத்துப் பெரும்புலவர் பாரதியார், "கரும்புத் தோட்டத்திலே" என்னும் பாட்டைப் பிஜித் தீவின் இந்துப் பெண்களைக் குறித்தே பாடினார். ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமையைத் தமிழ் நாட்டின் நெஞ்சிலே தைக்கச் செய்த பாட்டு அது. அம்முறை பிஜியிலே 1920-ல் ஒழிந்தது. அடுத்து, 1930-களிலே புதுமைப்பித்தன், அப்பாட்டிலிருந்தே தலைப்பை எடுத்துத் "துன்பக்கேணி" என்னும் கதையை எழுதினார். மருதி என்னும் ஏழைப் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே சீரழிவதை அது கூறும். இவ்விரண்டையும் படித்துக் கண் கலங்காதவர் நெஞ்சு நெஞ்சன்று.

ஆயினும் திறனாய்வாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்டாக வேண்டும். இவ்விரண்டிலும் நமக்குக் கிடைப்பது பெண்ணின் துன்பம். அவளுடைய தொழிலறிவு எங்கே? உழைப்பு இங்கே அவளுக்கு நேர்ந்த விபத்தாக வருகிறது. அவள் கற்ற வித்தையாக வரவில்லை. கொடுமையை எதிர்த்து முறையிடும் எழுத்துக்குக் கண்ணீர் வேண்டும். ஆகவே அவ்விருவர்மீது குற்றமில்லை. குற்றம் அவர்க்குப் பின் எழுதிய நம்மீது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதே கண்ணீரை அதே கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு நிற்கிறோம். கண்ணீர் விடுகிறவளுக்கு உலகம் இரக்கம் காட்டும், கூலியை உயர்த்தாது. வித்தை உடையவள் என்று தெரிந்தால்தான் கூலியைப் பற்றிய பேச்சே எழும். இலக்கியம் செய்த இந்தச் சிறு பிழை, அந்தப் பத்துக் காசு வேறுபாட்டுக்குத் துணை போயிற்று என்று சொன்னால் அது மிகையாகாது.

"பெண்ணுக்கு மெல்லிய வேலை" என்னும் வழக்கையும் சற்று ஆராய்வோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலே, நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் குலை அறுப்பது ஆணுக்கென்றும், உதிரிப் பழம் பொறுக்குவதும் களைக்கொல்லி தெளிப்பதும் பெண்ணுக்கென்றும் பிரிவினை ஏற்பட்டது. தெளிப்புப் பம்பை முதுகிலே ஏற்றினால் ஏறத்தாழ 18 லிட்டர். அதாவது ஏறத்தாழ 18 கிலோ. அதைச் சுமந்துகொண்டு நாள் முழுதும் காட்டில் நடப்பது மெல்லிய வேலையாம்! அதில் அடங்கிய மருந்தோ, விழுங்கினால் மாற்று மருந்தில்லாத பாராகுவாட். அதை 2002-ல் தடுக்க முற்பட்ட மலேசிய அரசாங்கம் 2006-ல் அத்தடையைத் தளர்த்திற்று. 2020 ஜனவரி 1 முதலே அது முற்றாகத் தடுக்கப்பட்டது. அத்தனை காலமும் நஞ்சைச் சுமந்த முதுகுகளிற் பெரும்பாலானவை பெண்களின் முதுகுகள். மென்மை என்பது வேலையின் குணமன்று, கூலிச்சீட்டிலே எழுதிய சொல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

"அப்படியானால் உடல் வலிமையில் வேறுபாடே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு, பொதுவாக நோக்கின் உண்டு. உயர்ந்த மரத்திலிருந்து 20 கிலோ எடையுள்ள குலையை அறுத்துத் தள்ளுவது எல்லோராலும் ஆகாது. எல்லா ஆண்களாலும் ஆகாது என்பதையும் மறவாதீர்கள். ஆகவே, "குலை அறுக்க வல்லவர் வருக" என்று சொல்லுங்கள், அது நியாயம். "ஆண் வருக" என்று சொன்னால், வலுவில்லாத ஆண் உள்ளே வந்துவிடுவான். வலுவுள்ள பெண் வெளியே நின்றுவிடுவாள். கருவுற்றவளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஓய்வு வேண்டுமென்பது வேறு செய்தி. அது அவளது உரிமை. ஓய்வைக் காட்டி ஊதியத்தைக் குறைப்பது அநியாயம்.

இன்னொரு வேடிக்கை: சமையல் பெண்ணின் தொழில் என்கிறோம். ஆனால் கல்யாண வீட்டிலே கூலி பேசிக்கொண்டு கரண்டி பிடிக்கிறவர் யார்? தவசுப்பிள்ளை. கூலியில்லாத அடுப்பு பெண்ணுக்கு. கூலியுள்ள அடுப்பு ஆணுக்கு. நெருப்பு இரண்டிலும் ஒன்றே.

நம் அண்டை வீட்டையும் சற்றே எட்டிப் பார்க்கலாம். குவாலா பிலா, ரெம்பாவ் முதலிய இடங்களில் வாழும் மலாய் மக்களின் பெர்பாத்தே வழமைப்படி, பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது. ஆயினும் உண்டாங், லெம்பாகா என்னும் தலைமைப் பதவிகள் ஆடவரிடமே உள்ளன. மண்ணைப் பெண்ணுக்குக் கொடுத்த வழமையும் மன்றத்தைக் கொடுக்கவில்லை. எனினும் மண்ணைக் கொடுத்தது. நம்மிலோ எத்தனை வீடுகளில் பெண்ணுக்கு மண்ணும் இல்லை, மன்றமும் இல்லை!

1943 அக்டோபரிலே சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. சென்னையில் மருத்துவம் கற்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைவி. மலாயாத் தோட்டங்களின் பெண்கள் பலர் அதிற் சேர்ந்து துப்பாக்கி பிடித்தனர். கோலாலம்பூரிலிருந்து சென்ற ஜானகி, பின்னர் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரோடு நாடறிய விளங்கினார். போர் என்பதைவிட ஆணுக்கே உரியதென்று சொல்லப்பட்ட தொழில் வேறு உண்டோ? அந்த வேலியே சில மாதப் பயிற்சியிலே சாய்ந்தது. 1945-ல் படை கலைந்தது. தோட்டத்திலிருந்து சென்றவர்களுக்கோ மீண்டும் அதே நிரை, அதே வாளி. துப்பாக்கிக்குத் தகுதியான கை மண்டோரின் கணக்குப் புத்தகத்துக்குத் தகுதியற்றதாயிற்று. இதைப் பாடிய நம் புலவர் எத்தனை பேர்?

சட்டம் சிறிது சிறிதாக நகர்ந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொழிலிலும் விவசாயத்திலும் பெண்கள் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை செய்யலாகாது என்று பாதுகாப்பின் பெயரால் விதித்தது. ஆனால் 1970-கள் முதல் மின்னணு ஆலைகளுக்கு நுண்விரல் வேண்டியிருந்தபோது, விலக்கு அனுமதி எளிதாகக் கிடைத்தது. முதலாளிக்குத் தேவையானபோது திறந்த கதவு அது. 2001-ல் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவிலே பால் வேற்றுமை பாராட்டலாகாது என்ற சொல் சேர்க்கப்பட்டது. அந்த இரவுத் தடை 2023 ஜனவரி 1 முதல் நீங்கிற்று. இலங்கைத் தோட்டங்களிலே ஆண் பெண் கூலி 1984-ல் சமமாக்கப்பட்டது. சட்டம் நகர்ந்த அளவுக்கேனும் நம் பேனா நகர வேண்டாமா?

எழுதுகின்ற தோழர்களே! உங்கள் அடுத்த கதையிலே தோட்டத்துப் பெண் ஒருத்தி வருவாளாயின், அவளை உடனே அழவிடாதீர்கள். முதலில் அவள் கத்தி தீட்டுவதைக் காட்டுங்கள். பட்டையின் கனத்தை இருட்டிலே விரலால் அறிந்த அவ்வறிவை எழுதுங்கள். அவள் மகள் இன்று செனவாங் ஆலையிலோ, சிரம்பான் அலுவலகத்திலோ, மருத்துவமனையிலோ வேலை செய்யலாம். "இது உனக்கு ஏற்ற வேலைதானா?" என்று அவளைக் கேட்போர் இன்னும் இருக்கின்றனர். "என் தாய் மரத்தைக் காயப்படுத்தாமல் பாலெடுத்தவள்" என்று அவள் நிமிர்ந்து விடை சொல்ல, நம் இலக்கியம் அவளுக்கு ஒரு சொல்லேனும் கொடுத்திருக்க வேண்டும்.

படிக்கின்ற தோழர்களே! அடுத்த முறை அந்தப் பழைய வாதம் மேடையேறும்போது, கைதட்டுமுன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவ்வேலைக்கு வேண்டிய திறமை யாது? கூலி எவ்வளவு?" இவ்விரண்டுக்கும் விடை வந்தபின், ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு வேலையிராது.