குன்மிங் ஏரிக்கரையில் உழவாரன்

அந்நிய தேசத்தில் குடியேறியவனுக்கு அவ்விடத்து மொழி வசப்படுவதற்கு வெகுநாள் முன்பே அவ்விடத்துப் பட்சிகள் பழகிவிடுகின்றன என்பது, பெய்ஜிங் நகரில் நான் கழித்த முதல் வசந்தத்தின் அனுபவம். கடைப்பலகைகளில் ஓரெழுத்தும் வாசிக்க இயலாமல் திரிந்த அந்நாட்களில், கோடைக்கால அரண்மனையின் குன்மிங் ஏரிக்கரையில், பதினேழு வளைவுப் பாலத்தின் கீழைக் கோடியிலுள்ள குவோரூ என்னும் எண்கோண மண்டபத்தைச் சுற்றி, அந்திப்பொழுதில் கரிய அரிவாள்களைப்போல் வளைந்து கீச்சிட்டுச் சுழன்ற உழவாரன் கூட்டத்தைக் கண்டேன். அன்றுமுதல் அந்நகரம் எனக்கு அந்நியமாக இல்லை.

இப்பறவையின் கால்விரல் நான்கும் முன்னோக்கி அமைந்திருப்பதால், கிளையில் அமர்வது என்பதே அதற்கில்லை. உண்பதும் உறங்குவதும் ஆகாயத்தில். கூடு ஒன்றே அதைக் கீழே இழுத்துவருவது. உத்தரங்களின் இடுக்கை நோக்கி முழு வேகத்துடன் வந்து, மோதிவிடுமோ என்று நம் நெஞ்சு பதைக்கும் கணத்தில் சிறகை ஒடுக்கி உள்ளே மறையும் லாகவம் இருக்கிறதே, அதற்காகவே மணிக்கணக்கில் நிற்கலாம். தூரதிருஷ்டிக் கண்ணாடி இதற்கு உதவாது, வெறுங்கண்ணே உசிதம்.

பெய்ஜிங்கின் பூங்காக்களில் காலைவேளையில், துணி போர்த்திய மூங்கிற் கூண்டுகளை வீசி வீசி நடக்கும் முதியவர்கள் வேறொரு ரசிகர் கூட்டம். அவர்கள் போற்றும் ஹுவாமெய் என்னும் பாடும் பறவைக்கு, கண்ணைச் சுற்றி ஓடும் வெண்கோட்டினால் ‘தீட்டிய புருவம்’ என்று பொருள்படும் பெயர் வாய்த்தது. கூண்டு எனக்கு உகந்ததன்று. ஆயினும் அவர்களுடைய செவியின் நுட்பத்தை வணங்காமல் இருக்க முடியவில்லை. வானத்தைச் சுட்டிய என் விரலைத் தொடர்ந்து நோக்கி, ‘லோவ்யான்’ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்களில் ஒருவர்தாம். மாடத்துத் தகைவிலான் என்று அதற்குப் பொருள். ‘மழைத் தகைவிலான்’ எனப் பொருள்படும் யூயான் என்பதே நூல்வழக்கு. முதியவர் சொன்ன பெயரே எனக்கு மேலானதாகப் படுகிறது. ஏனெனில், கோட்டை மதில்களையும் வாயில் மாடங்களையும் நம்பி வாழ்ந்த இப்பறவை, அவற்றுள் பெரும்பாலானவை சென்ற நூற்றாண்டில் இடிக்கப்பட்டபோது இழந்த இல்லத்தை அப்பெயர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

பெய்ஜிங் உழவாரனை ஒரு தனிக் கிளையினமாக 1870இல் விவரித்தவரும் என்னைப்போல் அந்நியரே: கல்கத்தாவில் பிறந்து, சீனத்தில் பிரிட்டிஷ் தூதரக உத்தியோகம் வகித்த ராபர்ட் ஸ்வின்ஹோ. பறவையை வீழ்த்தி அதன் தோலைப் பதப்படுத்தியே இனங்கண்ட காலம் அது. 2014இல், அதே குவோரூ மண்டபத்துப் பறவைகளின் முதுகில் ஒரு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள கருவிகளைப் பொருத்திப் பறக்கவிட்டு, மறு ஆண்டு அவை திரும்பியபின் ஆராய்ந்தபோது, மங்கோலியா வழியே மேற்கே சென்று, ஈரானையும் அரேபியாவையும் கடந்து, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அவை குளிர்காலத்தைக் கழிப்பது தெரியவந்தது. போய்வரும் தூரம் ஏறத்தாழ 26,000 கிலோமீட்டர். ஆண்டில் நூறு நாள் அளவே பெய்ஜிங்கில் தங்கும் ஒரு பறவைக்கு அந்நகரத்தின் பெயரே நிலைத்திருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஏப்ரல் நடுவில் வந்தவை ஜூலை முடிவதற்குள் பெரும்பாலும் போய்விடும். ஆகையால் பெய்ஜிங் செல்லும் அன்பர்கள், மே மாதத்து மாலைப்பொழுது ஒன்றை அந்த மண்டபத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதற்கென ஒதுக்கிவையுங்கள்.