செஞ்சிச் சண்டைக்குப் பாரிஸில் எழுதிய தீர்ப்பு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர் வளவனூர் வரை தமிழ்நாட்டில் இருக்கிறார். மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு. அரியூர், வில்லியனூர் வந்தால் திரும்பவும் புதுச்சேரி. மண்ணும் பேச்சும் பயிரும் மாறாத நாற்பது கிலோமீட்டருக்குள் ஆட்சி மட்டும் மூன்று முறை மாறுகிறது. ஆறோ மலையோ இந்தக் கோடுகளைப் போடவில்லை. நவாபுகள் ஊர் ஊராகக் கொடுத்த மானியங்களைப் பெரும் போர்களுக்குப் பின் ஐரோப்பாவில் கூடிய சமாதான மாநாடுகள் வெட்டியும் ஒட்டியும் உண்டாக்கிய கோடுகள் இவை. போர் ஓய்ந்ததும் மாநாடு கூட்டி அரசியல் ஒழுங்கைத் திருத்தி எழுதும் வழக்கத்தை எடைபோட இந்த வட்டாரமே போதும். முடிவெடுக்கும் மேசை களத்தை விட்டு விலகியிருப்பதுதான் இந்த வழக்கத்தின் வலிமை. அதன் பெருங்குறையும் அந்தத் தொலைவிலிருந்தே பிறக்கிறது என்பது என் வாதம்.

முதலில் வலிமை. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது முதல் 1761 ஏப்ரலில் அது ஆங்கிலேயரிடம் பணிந்தது வரை, இந்தச் சீமை படைகள் போகவர நடக்கும் பாதையாகவே கிடந்தது. 1752இல் செஞ்சியைக் குறிவைத்து வந்த மேஜர் கின்னீரின் ஆங்கிலப் படை விக்கிரவாண்டியில் தோற்றது. 1760 சனவரி 22இல் திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை உடைந்தது. இடையில், களத்தை நன்கறிந்தவர்களே பேசித் தீர்க்க முயலாமலும் இல்லை. 1754 சனவரியில் டச்சுக்காரர் வசமிருந்த சதுரங்கப்பட்டினத்தில் ஆங்கில, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் தூதர்கள் உட்கார்ந்தார்கள். ஆங்கிலேயர் தரப்பில் பால்க்கும் வான்சிட்டார்ட்டும் வந்தார்கள், பிரெஞ்சுத் தரப்பில் லவோர் பாதிரியாரும் மற்றவர்களும். யாருடைய சனது (அதிகாரப் பத்திரம்) செல்லும், ஆங்கிலேயர் ஆதரித்த முகம்மது அலி கர்நாடகத்தின் நவாபா இல்லையா என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. ஒவ்வொரு பத்திரத்தின் பூர்வீகமும் இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததால் யாராலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குப் பதிலாக வந்த கொதே அந்த ஆண்டு இறுதியில் செய்த உடன்படிக்கை, சுதேச மன்னர்களின் சண்டைகளில் இரு கம்பெனிகளும் தலையிடுவதில்லை என்றது. இந்த வட்டாரத்தைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதப்பட்டவற்றில் ஆகச் சிறந்த விதி அதுதான் என்பேன். ஆனால் அதற்கு ஐரோப்பாவின் ஒப்புதல் தேவைப்பட்டது. அது நிலைபெறும் முன்பே ஏழாண்டுப் போர் தொடங்கிவிட்டது. அறிவு இருந்த மேசையில் அதிகாரம் இல்லை.

அதிகாரம் 1763 பிப்ரவரி 10இல் பாரிஸில் இருந்தது. அந்த உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, 1749 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இடங்களை மட்டும் அவர்களுக்குத் திருப்பித் தந்தது. அந்தத் தேதியே துய்ப்ளே பின்னர் ஈட்டிய அத்தனையையும் கழித்துவிட்டது. சதுரங்கப்பட்டினத்தில் தீராத வழக்கு பாரிஸில் ஒரே பத்தியில் தீர்ந்தது. ஆனால் அதே பிரிவு சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் முறையான சுபேதார் என்று அறிவித்தது. அவரை அவருடைய தம்பி நிஜாம் அலி 1762இலேயே பதவியிறக்கிச் சிறையில் வைத்திருந்தார். சில மாதங்களில் அவர் மாண்டும்போனார். உலக ஒழுங்கைத் திருத்திய உடன்படிக்கை, ஆட்சியில் இல்லாத ஒருவருக்கு ஆட்சியை உறுதிசெய்தது. அதே பிரிவில் முகம்மது அலியை முறையான நவாபாக ஏற்ற வரிகளின் விளைவு இன்னும் ஆழமானது. அவற்றை ஆதாரமாக்கி 1770இல் ஜான் லிண்ட்சே இங்கிலாந்து மன்னரின் தூதராக நேரே நவாபிடம் வந்தார். கம்பெனி ஒரு பக்கம், மன்னர் ஒரு பக்கம் என நவாப் மிதந்தார். அவர் வாங்கிய கடன்களின் வட்டி குடியானவர்களின் நிலவரியாக இறங்கியது. 1801 சூலை 31இல் கர்நாடகத்தின் ஆட்சியே கம்பெனியின் கைக்குப் போனது.

செய்தி கப்பலில் மாதக்கணக்கில் போன காலத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். பழைய செய்தியை நம்பியதை மன்னிக்கலாம். பழையதாக இருக்கக்கூடும் என்று தெரிந்தும் பெயர் குறித்து எழுதியதை மன்னிக்க முடியாது. யார் ஆள்வது என்பதை இங்கேயே தீர்க்க விட்டுவிட்டு, இரு கம்பெனிகளின் படைகளை மட்டும் பாரிஸில் கூடியவர்கள் கட்டுப்படுத்தியிருக்கலாம். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பார்த்தால், யாருடைய செல்வாக்கு ஏறுகிறது, யாருடையது இறங்குகிறது என்பது இங்குள்ளவர்களுக்கு அன்றாடம் தெரிந்திருந்தது புரியும். தோற்றவனுக்கும் மதிப்புக் கொடுத்தால் சமாதானம் நிலைக்கும் என்பது இன்னொரு வாதம். தோற்ற பிரான்சின் தூதர் தலேராந்துக்கு இடம் கொடுத்த வியன்னா மாநாட்டையும், தோற்ற ஜெர்மனியை வெளியே நிறுத்திய வெர்சாய் மாநாட்டையும் சான்று காட்டுவார்கள். இங்கே அது முழுதும் பொருந்தவில்லை. 1763இல் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது, 1783இல் வில்லியனூரும் பாகூரும் சேர்ந்தன. ஆனாலும் புதுச்சேரியை 1778, 1793, 1803 என ஆங்கிலேயர் மீண்டும் மீண்டும் பிடித்தார்கள். கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்று 1814 உடன்படிக்கை சொன்ன பிறகே அது நின்றது. அமைதியைக் காத்தது படைக்குறைப்பு. எல்லைக்கோடுகளுக்கு அதில் பங்கில்லை, ஆனாலும் அவைதான் நம்மிடம் மிஞ்சியிருக்கின்றன.

அறிவும் அதிகாரமும் ஒரே மேசைக்கு வர 1954 அக்டோபர் 18 வரை ஆனது. விழுப்புரம் எல்லையை ஒட்டிய கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 1949இல் இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் நடந்தது போல எல்லாக் குடிமக்களின் நேரடி வாக்கெடுப்பு அது இல்லை என்ற குறை நியாயமானது. இருந்தும், இந்த மண்ணின் ஆட்சி பற்றிய கேள்வி இந்த மண்ணிலேயே கேட்கப்பட்டது அங்கேதான். 1956 மே 28இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், புதுச்சேரியின் தனி நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்றவேண்டும் என்று எழுதிவைத்தது. பாரிஸின் எந்தப் பிரிவையும் விட இந்த ஒரு வரி உயர்ந்தது. ஆனால் மதகடிப்பட்டு எந்தப் பக்கம், கண்டமங்கலம் எந்தப் பக்கம் என்று கீழூரிலும் யாரும் கேட்கப்படவில்லை.