எளாவூர் மேடையில் அந்த ஒன்றரை நிமிடம்

எளாவூரில் ஆடித் திருவிழா இன்னிசைக் கச்சேரி. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமுகிறது. நெடுஞ்சாலையில் சோதனைச்சாவடியை நோக்கி லாரிகள் ஊர்கின்றன. பாஸ் கிட்டார் தம்பியின் டியூனரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. "அண்ணே, ஒரு ஏ அழுத்திப் பிடிங்க" என்றார் கீபோர்டு வாசிப்பவரிடம். அடுத்த ஒன்றரை நிமிடம்தான் அன்றைய கச்சேரியின் மிகச் சிறந்த ஆட்டம் என்பேன்.

பாஸ் கிட்டாரின் நான்கு கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி. தடித்த ஈ கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. ஏ கம்பி 55 முறை. ஜெனரேட்டரின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஆழத்தில் காதை நம்புவது கடினம். ஏ கம்பி ஒரே ஒரு ஹெர்ட்ஸ் விலகினாலும் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிசகு. ஆனால் சரியான ஏ-யோடு சேர்ந்து ஒலிக்கும்போது அது காதில் விழுவதோ நொடிக்கு ஒரு மெல்லிய அலையாகத்தான்.

அதனால் அவர் கம்பியை அடியில் கேட்கவில்லை, உச்சியில் கேட்டார். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர்மேலே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டி, மணி போன்ற மேல்நாதத்தை எழுப்பி, கீபோர்டின் ஏ-யுடன் சேர்த்தார். பிறகு ஈ கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டிலும் ஏ கம்பியின் ஏழாம் ஃபிரெட்டிலும் அதே மாதிரித் தொட்டார். இரண்டும் 165 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். ஏ கம்பியின் பிசகு இங்கே மூன்று மடங்கு வேகமான அலையாகத் துடிப்பதால் ஒளிய இடமில்லை. கிட்டாரின் மேல்கொம்பில் தாடையை அழுத்திக்கொண்டு, மேடை இரைச்சலைத் தாண்டி எலும்பு வழியாகவே கேட்டார். கம்பியின் கீயைத் திருகும்போது சுதி ஏறிவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்தவில்லை. நன்றாகத் தளர்த்திவிட்டு, கீழிருந்து ஏற்றித்தான் நிறுத்தினார். இறக்கி நிறுத்திய கம்பி வாசிக்க வாசிக்க நழுவும்.

எனக்குப் பிடித்தது கடைசி நுணுக்கம். அலை முழுவதும் அடங்கும்வரை அவர் திருகவில்லை. ஐந்து நொடிக்கு ஒன்றாக ஒரு சோம்பலான அலையை மிச்சம் வைத்தார். மேல்நாதங்களை அப்பழுக்கில்லாமல் சேர்த்துக்கொண்டே போனால், ஈ-யிலிருந்து ஜி-க்குப் போவதற்குள் கீபோர்டின் சமப்பங்குச் சுரங்களிலிருந்து கம்பிகள் விலகிவிடும். தம்புராவில் தூய்மையாகச் சேர்ப்பது அழகு. கீபோர்டோடு வாசிப்பவருக்கு இந்தச் சின்ன விட்டுக்கொடுத்தல் வேண்டும்.

லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த மின் பாஸுக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்தார். ஃபிரெட் இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக நிற்கும் என்ற பொருளில். ஆனால் திறந்த கம்பி தப்பாக நின்றால் அத்தனை ஃபிரெட்டும் துல்லியமாகத் தப்பைத்தான் சொல்லும்.

1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, பின்னாளில் பாஸை இரண்டாவது மெட்டாகவே எழுதினார். பாஸ் கலைஞர் சசிதரன் வாசித்த அந்த வரிகளைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. ஆனாலும் மேடையில் பாஸ்காரருக்கு மூலைதான் கிடைக்கிறது. பல குழுக்களில் கீபோர்டின் இடது கையே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. பாஸின் சுதி சற்றே இறங்கினாலும் பாடகருக்குத்தான் சுதி போச்சு என்கிறோம். பாஸ்காரர் சுதி சேர்க்கும் அந்த ஒன்றரை நிமிடமாவது மைக் டெஸ்டிங்கை நிறுத்துங்கள் என்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மேடையில் 'இளைய நிலா' வந்தது. முன்னால் கிட்டார் சொட்டச் சொட்ட, அடியில் பாஸ் நூல் பிசகாமல் நின்றது. ஒன்பதாவது பாட்டுக்குள் விளக்குச் சூட்டில் கம்பி தளர்ந்து ஈ கொஞ்சம் இறங்கியது. தபேலா தனியாக ஓடிய நான்கு தாளத்துக்குள் தம்பியின் தாடை மறுபடி கிட்டாருக்குப் போனது. கீ ஒரு மயிரிழை திரும்பியது. சரணம் தொடங்கும்போது ஈ அதன் இடத்தில் இருந்தது.