வழித்துணையும் அச்சமும்: திருவாய்மொழிப் பத்தாம் பத்தை முன்வைத்து

திருவாய்மொழியின் இறுதிப் பகுதியை அமைதியான வீடுபேற்றுப் பயணமாகப் படிப்பது வழக்கம். நம்மாழ்வாரின் சொல்வழி நின்று நோக்கின் அப்பயணம் அத்துணை அமைதியானதன்று.

ஒன்பதாம் பத்தின் நிறைவுப் பதிகம் திருக்கண்ணபுரத்தைப் பாடுவது. திருவடி அடைந்தார்க்கு உயிர் நீங்குங்கால் வைகுந்தம் உண்டு என்னும் உறுதிமொழி அங்கே கிடைக்கிறது. அடுத்து வருவது மதுரையை அடுத்த திருமோகூர்க் காளமேகப் பெருமாள் பதிகம் (10.1). சேருமிடம் உறுதியானபின் செல்லும் வழிக்குத் துணை நாடுகிறார் என உரையாசிரியர்கள் இவ்வைப்புமுறைக்கு இயைபு காட்டுவர். பதிகத்தினுள் அப்பயணம் வெளிப்படையாகப் பேசப்படாமையின், இதனை வெறும் சமய விளக்கமெனத் தள்ளத் தோன்றலாம். ஆயின் புகலிடம், செல்நெறி என்னும் இரண்டையும் ஒருங்கே சுட்டும் 'கதி' என்ற சொல் முதற்பாட்டிலேயே நிற்கிறது. வழிநடப்பார்க்கு நிழலும் நீருமாவது கார்முகில் அன்றோ! உரையாசிரியர் கண்ட இயைபு பாட்டுக்கு அயலானதன்று.

திருவனந்தபுரப் பதிகத்தை (10.2) அடுத்து வருவதே நம் கவனத்திற்குரியது. மூன்றாம் பதிகத்தில் ஆழ்வார் ஆய்மகளாகிறார். கண்ணன் ஆநிரை மேய்க்கப் புறப்படுவான் என்னும் நினைவே அவளை மெலிவிக்கிறது. உடனிருக்கும்போதே பிரிவஞ்சும் நிலை இது என்பர். எனினும் அவள் அஞ்சுவது தன் தனிமைக்கு மட்டுமன்று. கஞ்சன் ஏவிய அசுரர் காட்டில் திரிகின்றனர். அவனுக்குத் தீங்கு நேருமோ என நடுங்குகிறாள். திருமோகூர்ப் பதிகத்திலோ அசுரருக்கு அஞ்சிய தேவர் அவனையே அரணாக அடைந்தனர். அரணாக நின்றவனுக்கே காவல் வேண்டும் என இரண்டு பதிகங்களுக்குள் நிலை மாறிவிடுகிறது. பெரியாழ்வாரின் பல்லாண்டில் காணும் பரிவு இது என எளிதிற் கூறிவிடலாம். ஆனால் பல்லாண்டு பாடியவர் புறப்படும் விளிம்பில் நின்றவரல்லர். துணை கிடைத்தபின்னும் அச்சம் நீங்கவில்லை. அத்துணையின்மீதே அது படர்கிறது.

ஒன்பதாம் பதிகம் வைகுந்த வரவேற்பை விரித்துரைக்கிறது. முகிலும் கடலும் களிக்க, வானவர் எதிர்கொள்ள, அங்குச் செல்வோர் 'நாரணன் தமர்' எனப் படர்க்கையிலேயே குறிக்கப்படுகின்றனர். இறுதிப் பதிகத்தில் (10.10) தன்மை மீள்கிறது. உறுதிமொழி பெற்றவர், இறைவன் அகன்றுவிடாதவாறு திருமகள்மீதும் அவன்மீதுமே ஆணையிட்டுத் தடுக்கிறார்.