ஓரத் தையலில் ஒரு குறுக்கு விசாரணை

'லீகலி ப்ளாண்ட்' படத்தைப் பலமுறை ரசித்தவர்கள்கூடத் தொடக்கத்தில் வரும் துணிக்கடைக் காட்சியைச் சிரித்தபடியே கடந்துவிடுகிறார்கள். அங்கே சற்று நில்லுங்கள். காதலன் அன்றிரவு திருமணப் பேச்சை எடுப்பான் என்ற பூரிப்பில் எல் உட்ஸ் உடை தேடுகிறாள். பொன்னிறக் கூந்தலைக் கண்டதுமே ஏமாளி என்று கணக்குப் போட்ட விற்பனைப் பெண், தள்ளுபடிச் சீட்டைப் பிய்த்துவிட்டுப் புது வரவு என்று ஒன்றை நீட்டுகிறாள். எல் சீறவில்லை. இது இன்ன வகை ரேயான்தானே, ஓரத்தில் இன்ன தையல்தானே என்று தேனொழுகக் கேட்கிறாள். விற்பனைப் பெண் ஆமாம் போட்டதும், அந்தத் துணியில் அந்தத் தையல் விழவே விழாது, இழை இழுத்துக்கொள்ளும் என்று கனிவாகவே முடிக்கிறாள். சட்டப் புத்தகம் எதையும் தொடுவதற்கு முன்பே அவள் நடத்திவிட்ட முதல் குறுக்கு விசாரணை இது!

பின்னர் சட்ட மாணவியாகி எல் வாதாடும் கொலை வழக்கின் உச்சக்கட்டத்தில் பூப்பதும் இதே வித்தைதான். 'பெர்ம்' செய்த கூந்தலை 24 மணி நேரம் நனைக்கக் கூடாது. அன்றுதான் செய்துகொண்ட சாட்சியோ தலைக்குக் குளித்ததாகச் சொல்கிறாள். எல்லாக நடிக்கும் ரீஸ் விதர்ஸ்பூனின் தடுமாறித் தொடங்கும் குரல், கேள்விக்குக் கேள்வி தெளிந்து நிமிரும் அழகை என்னென்பது!

ஆடைகளும் கதை சொல்கின்றன. ஆடை வடிவமைப்பாளர் சோஃபி டி ராக்கோஃப் தீட்டிய இளஞ்சிவப்பு, படிப்பு ஏற ஏற அடங்கி, அந்த வாதத்தின்போது முழு ஒளியுடன் திரும்புகிறது. வகுப்பில் கறுப்பு மடிக்கணினிகளுக்கு நடுவே எல்லின் செம்மஞ்சள் ஐபுக் எத்தனை அழகு!

மூலநாவலை எழுதிய அமாண்டா பிரௌன் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் பயின்றவர். நாவலின் களமும் அதுவே. 2001இல் ராபர்ட் லுகெடிக் இயக்கிய படம் கதையை ஹார்வர்டுக்குக் கொண்டுசென்றது. 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் இத்தனை நுண்ணிய தையல் இல்லை. 2007இல் பிராட்வே மேடையேறிய இசை நாடகமோ அந்தக் கடையைத் தொடக்கப் பாடலுக்குள்ளேயே வைத்துப் போற்றியது. ரேயான் மட்டும் அங்கே சீனப் பட்டாகிவிட்டது.

அடுத்த முறை கடைக் காட்சியையும் நீதிமன்றக் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். எல்லின் கேள்விகள் வரும் வரிசையைக் காது கொடுத்துக் கேளுங்கள்.