லாசரேக்குள் ஒரு சேரி

தொற்றுநோய்க்காரர்களையும், நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களையும் ஊருக்குள் விடாமல் அடைத்துவைத்த ஆஸ்பத்திரிக்குப் பிரெஞ்சில் 'லாசரே' என்று பேர். காரைக்காலில் கப்பலேறிய கூலிச்சனத்துக்கு இது தெரிந்த இடம்தான். 1859இல் ரெயூனியன் தீவில் காலரா பரவியது. அதை அடுத்து 1860களில், செயிந்தெனிக்கும் லாபொசெசியோனுக்கும் நடுவே கிராந்த் ஷலூப் என்னுமிடத்தில் ஒரு லாசரே எழுந்தது. 1848இல் அடிமை முறை ஒழிந்த தீவு அது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும், ஆளோடு நோய் வரக் கூடாது. 1882இல் பிரிட்டிஷ் அரசு நிறுத்தும்வரை ரெயூனியனுக்குப் போனவர்களில் டெல்டாவின் பண்ணையாட்கள், சேரிச்சனம் கணிசம்.

லாசரேக்குள் கிடந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? ஆவணத்தில் கப்பல் பேர் இருக்கும், ஆள் எண்ணிக்கை இருக்கும், பேச்சு இருக்காது. அந்த வெற்றிடத்தில்தான் நாவல் வந்து உட்காருகிறது. 2008இல் நோபல் பரிசு வாங்கிய லெ கிளேசியோ 1995இல் எழுதிய 'லா கரான்தேன்' அப்படி உட்கார்ந்த ஒன்று. களம் ரெயூனியன் அல்ல. பக்கத்து மொரீஷியசுக்கு வடக்கே கிடக்கும் பிளாட் தீவு, விக்டோரியா ராணியின் ஆட்சிக்கு உட்பட்டது. 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கூலிக்கப்பல்களின் சனத்தை அதன் ஒட்டுத்தீவான கேப்ரியலில் இறக்கி விட்டுவிட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பிளாட் தீவில் ஒழுங்கான லாசரே வந்தது. செத்தவர் எண்ணிக்கை போதுமான அளவு ஏறின பிறகு ஆஸ்பத்திரி கட்டுவது எல்லா அரசுக்கும் வழக்கம்.

நாவல் 1891இல் நடக்கிறது. கப்பலில் அம்மை கண்டுவிட, வெள்ளைப் பயணிகள் தீவின் ஒரு பக்கம், கூலிகள் மறுபக்கம். மருத்துவன் ழாக், அவன் தம்பி லெயோன் இருவரும் வெள்ளைப் பக்கம். அங்கேயுள்ள ஒரு பயணி முன்னின்று தீவுக்குக் குறுக்கே எல்லைக்கோடு போடுகிறான், ஊரடங்கு போடுகிறான். கிருமிக்குத் தெரியாத கோடு! அதிகாரம் நோயைச் சாக்கிட்டு உடல்களை எப்படிப் பங்கு பிரிக்கிறது என்று காட்டும் இடங்களில் லெ கிளேசியோவின் கை நன்றாகவே ஓடுகிறது. ஃபூக்கோவைப் படித்த நம் தோழர்கள் இங்கே அடிக்கோடு போட்டுக்கொள்வார்கள்.

போடட்டும். ஆனால் கூலிகளின் குடியிருப்புக்குள்ளேயும் தனியாக ஒரு 'பரியா' குடியிருப்பு இருக்கிறதே, அதைப் பார்ப்போம். இதைக் கவனித்த ஐரோப்பிய எழுத்தாளர் என்ற வகையில் அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நம் ஆட்கள் எழுதும் புலம்பெயர்வு வரலாறுகளில் கடலைத் தாண்டியதும் எல்லாரும் 'தமிழர்' ஆகிவிடுகிறார்கள், சாதி கப்பலிலேயே செத்துப்போகிறது. இங்கே சாகவில்லை, அம்மைக்கு நடுவிலும் பிழைத்துக் கிடக்கிறது. அந்தப் 'பரியா' என்ற சொல்லும் நம்முடையதே. பறையர் என்ற பேர்தான் ஐரோப்பிய வாய்க்குள் போய் அப்படித் திரும்பி வந்தது. சொல் நம்மூரிலிருந்து போனது. நாவலின் சனமோ கங்கைக் கரையிலிருந்து வருகிறது. காவிரிக்கரைச் சனம் அவர் கண்ணில் படவில்லை. சரி, போகட்டும்.

போகட்டும் என்று விட முடியாத ஒன்று இருக்கிறது. லெயோன் காதலிக்கும் சூர்யாவதியும் அவள் தாய் அனந்தாவும் அந்தப் பரியா குடியிருப்பில் இருப்பவர்கள். வாசகன் மனசு அவர்களிடம் போய் ஒட்டிக்கொள்கிற நேரத்தில் கதை மெல்ல அவிழ்கிறது: 1857 கலகத்தின்போது கான்பூரில் கிரிபாலா என்ற பெண் காப்பாற்றித் தூக்கிவந்த வெள்ளைக்காரக் குழந்தையாம் அனந்தா. அட! சேரியில் ஒரு தேவதை இருந்தால் அவள் பிறப்பால் சேரிக்காரியாக இருக்க முடியாதா? நம்ம சினிமாவில் குப்பத்தில் வளர்ந்தவன் கடைசி ரீலில் ஜமீன்தார் பிள்ளையாவான். நோபல் பரிசுக்காரரும் அதே மச்சத்தைத்தான் தேடுகிறார். குழந்தையைத் தூக்கிச் சுமந்த கிரிபாலாவின் பெயரன் பெயர்த்தி வந்து கதாநாயகி ஆகக் கூடாதா என்று கேட்டால் பதில் இல்லை.

இது வெறும் கதைத் தந்திரம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. லாசரேயில் நாள் கணக்கு உண்டு. புதிதாக ஒருவருக்கு அம்மை கண்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும், ஆனாலும் ஒருநாள் கதவு திறக்கும். சேரிக்கு அந்தக் கணக்கே கிடையாது. நோய் முடிந்தாலும் தீட்டு முடியாது. 2020இல் கொரோனா வந்தபோது, தீண்டாமையே அந்தக் காலத்துச் சுகாதார அறிவுதான் என்று கூசாமல் பேசினார்களே, அவர்கள் மறைத்தது இந்த வித்தியாசத்தை. டெல்டாவில் காலரா வந்த காலத்தில் ஊர்ப்பிணத்தை யார் தூக்கினார்கள் என்று எங்க வீட்டுக் கிழவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தொடக் கூடாதவன் கைதான் கடைசியில் தொட்டது. பரியா குடியிருப்பிலிருந்து வெளியே போக லெ கிளேசியோ திறக்கும் வாசல் நாள் கணக்கு அல்ல, இரத்தம். தீட்டும் இரத்தத்தை வைத்துத்தானே பேசுகிறது?

கிராந்த் ஷலூப் லாசரேயைப் பழுதுபார்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், கல்லறைகளும் இருக்கின்றன. காரைக்காலில் பிரெஞ்சு படித்த தலித் பிள்ளைகள் உண்டு. நாவலின் அந்தப் பக்கங்களை மூலத்திலேயே படியுங்க. நான் சொன்னது தப்புன்னா எழுதுங்க, சண்டை போடலாம்.